லேப்டாப் போச்சு, உள்ளே இருந்ததும் போச்சா?

ரங்கூனில் கரண்ட் போவதைவிட, போன கரண்ட் திரும்பி வரும் நொடிதான் எனக்குப் பயம். மூன்று மணிநேரம் இருட்டில் புழுங்கிக் கிடந்த தெரு, விளக்கு எரிந்ததும் "மீ லா பீ!" (பர்மியத்தில் 'கரண்ட் வந்தாச்சு') என்று ஒரே குரலில் கத்தும். பர்மியப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாம் சேர்ந்த கூச்சல் அது. அந்தச் சந்தோஷத்தின் நடுவே, சுவரில் செருகிவைத்த சாமான்களுக்குள் வோல்ட்டேஜ் எகிறிப் பாயும். போன மழைக்காலத்தில் எங்கள் மாடி அக்காவின் லேப்டாப் அப்படித்தான் அணைந்தது. மறுநாள் ஒரு கடையில் காட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மதர்போர்டு எரிஞ்சு போச்சாம் தம்பி. மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்னு சொல்றாங்க. அது கெடக்கட்டும். உள்ள இருக்கிறதெல்லாம் என்னாகும்?"

"உள்ள என்னக்கா இருக்கு?"

"என்ன இல்லைன்னு கேளு. குடும்பப் பட்டியல் ஸ்கேன் பண்ணி வச்சது, பெரியவன் சர்ட்டிஃபிகேட்டு, எங்கப்பா காலத்துப் பத்திரம், கோயில் திருவிழா போட்டோ. எல்லாமே அதுலதான்."

குடும்பப் பட்டியல் என்று அவர் சொன்னது, இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்கிற 66/6 படிவம். அதன் அசல் கிழிந்தாலோ நனைந்தாலோ நம்மவர்கள் படும் பாடு எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அக்கா ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பலர் அதைக் கேட்பதே இல்லை. லேப்டாப் செத்தது என்றதும் உள்ளே இருந்ததற்கும் சேர்த்துத் தலைமுழுகிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அடுப்பு அணைந்துவிட்டால் அரிசிப்பானை காலியாகிவிடுமா? லேப்டாப்பும் அப்படித்தான். மதர்போர்டு, திரை, கீபோர்டு, சார்ஜர் வாய் எல்லாம் அடுப்பு. நம் கோப்புகள் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் தனிப் பானை. அதை வெளியே எடுக்கலாம், வேறு அடுப்பில் ஏற்றலாம். எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காக எழுதவில்லை. திருப்புளி பிடிக்கத் தெரிந்து, அவசரப்படாமல் இருக்க முடிந்தால் போதும்.

கழற்றும் முன்

முதலில், கெட்டது எது என்று பார்த்துவிடுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியில் மாட்டிப் பாருங்கள். படம் டிவியில் வந்துவிட்டால் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பென் டிரைவைச் செருகி, வேண்டியதை நகல் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

லேப்டாப் உயிரோடு இருக்கிறது, விண்டோஸ் மட்டும் ஏறாமல் நீலத்திரை காட்டுகிறது என்றாலும் கழற்றத் தேவையில்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸை, உபுண்டு போன்ற ஒன்றை, பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம். எதையும் நிறுவாமல் "முயன்று பார்" என்ற வழியில் உள்ளே போனால் பழைய டிஸ்க் ஒரு ஃபோல்டராகத் தெரியும். இதை ரொம்பப் பேர் செய்வதில்லை. கடையில் கொடுத்து "புது விண்டோஸ் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் பத்து வருஷத்துப் படங்கள் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்மேல் முழுப்பழியும் போட முடியாது; நாம் சொன்னதை அவர் செய்தார். அதனால் எந்தக் கடைக்கு லேப்டாப் போனாலும், முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். மதர்போர்டு பழுதுபார்க்க உங்கள் குடும்பப் படங்கள் யாருக்கும் தேவையில்லை.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை, அல்லது அக்காவின் லேப்டாப் மாதிரி எரிந்த வாடை வருகிறது என்றால், கழற்றத்தான் வேண்டும்.

உள்ளே இருப்பது எந்த வகை

எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. தெரியாமல் கடைக்குப் போனால் பொருந்தாத கேபிளை வாங்கிவந்து முழிக்க வேண்டியதாகிவிடும்.

பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் உள்ளங்கை அளவுள்ள, 2.5 இன்ச் என்று சொல்லப்படும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு ஒன்றோ இரண்டோ நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதன்மேல் படாமல், மயிரிழை என்று சொல்வோமே, அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் படிக்கும் தலை மிதந்துகொண்டே போகும். பத்து லட்சம் பக்கம் எழுதக்கூடிய ஒரு பொருள் இத்தனை நூலிழையில் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். ஓடும்போது தட்டினாலோ கீழே போட்டாலோ ஏன் கெடுகிறது என்பதும் இதிலேயே புரியும். இதன் ஓரத்தில் நீளமும் குட்டையுமாக இரண்டு தட்டையான வாய் இருக்கும். அதுதான் சாட்டா இணைப்பு. குட்டைவாயில் 7 கம்பி, தகவலுக்கு. நீளவாயில் 15 கம்பி, மின்சாரத்துக்கு. ஏறத்தாழ 2006க்கு முந்தைய லேப்டாப் என்றால் ஊசி ஊசியாக 44 முனை இருக்கும். அது ஐடிஇ, அதற்கு வேறு கேபிள்.

அதே வடிவத்தில், அதே சாட்டா வாயோடு, ஆனால் உள்ளே சுற்றும் தட்டு இல்லாமல் சில்லுகள் மட்டும் இருப்பது எஸ்எஸ்டி. கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும். கேபிள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

புது லேப்டாப்புகளில் இருப்பது எம்.2 வகை. சூயிங்கம் பட்டை மாதிரி, 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம், ஒரே ஒரு திருகு. இதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு சாதி. பொன்னிற முனையில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் வெட்டை நம்பி வாங்காமல் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள். டிஸ்க்கை உள்ளே போட்டு யூஎஸ்பியில் செருகும் கூட்டுக்குக் கேசிங் என்று பெயர்; ஒன்றுக்கான யூஎஸ்பி கேசிங் மற்றதற்கு வேலை செய்யாது. இரண்டையும் படிக்கிற கேசிங்கும் உண்டு, கொஞ்சம் கூடுதல் விலைக்கு. நான் அதையே வாங்கச் சொல்வேன்.

கடைசியாக ஒரு வகை, கெட்ட செய்தி. விலைமலிவான சில சின்ன லேப்டாப்புகளிலும், பல புது மேக்புக்குகளிலும் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அடுப்போடு சேர்த்துப் பானையைப் பூசிவிட்டார்கள். கழற்ற ஒன்றும் இல்லை. அங்கே மதர்போர்டைச் சில்லளவில் பழுதுபார்த்து உயிர்ப்பிக்கும் ஆளைத்தான் தேட வேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

சார்ஜரை உருவுங்கள். பேட்டரி வெளியே எடுக்கிற வகை என்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற வகை என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் கனெக்டரைப் பிரித்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். திருகுகளை எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். நீளத் திருகைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் எதையாவது துளைத்துவிடும். நான் ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன்.

அக்காவின் லேப்டாப்பில் அடிமூடிக்குப் பத்துத் திருகு. பதினோராவது ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. மூடி ஒரு பக்கம் மட்டும் வராமல் அடம்பிடித்தால் இழுக்காதீர்கள், அங்கே இன்னொரு திருகு இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பார்த்தபோது சார்ஜர் வாய்க்குப் பக்கத்தில் மதர்போர்டு காசு அளவுக்குக் கருகியிருந்தது. மறு மூலையில் இருந்த ஹார்ட் டிஸ்க் புதுசு போல இருந்தது.

அதை ஒரு சாட்டா-யூஎஸ்பி கேபிளில் மாட்டி இன்னொரு லேப்டாப்பில் செருகினால், பெரிய பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். 2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யூஎஸ்பி வாயே அதைக் கொடுத்துவிடும். ஆனால் பழைய யூஎஸ்பி 2 வாய் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். தட்டு சுற்றத் தொடங்கும் நொடியில் அதற்குமேல் கேட்கும். டிஸ்க் சுற்றப் பார்த்து, நின்று, மறுபடி சுற்றப் பார்த்தால் டிஸ்க் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நீல நிற யூஎஸ்பி 3 வாயில் செருகிப் பாருங்கள், அது 900 மில்லி ஆம்பியர் வரை தரும். இரண்டு யூஎஸ்பி வாயில் சேர்த்துச் செருகும் இரட்டைத்தலை கேபிளும் கிடைக்கும். மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய 3.5 இன்ச் டிஸ்க் என்றால் 12 வோல்ட் வேண்டும், தனி அடாப்டர் இல்லாமல் அசையாது.

இங்கே இன்னொரு விஷயம். நகல் எடுக்கும் கம்ப்யூட்டர் லேப்டாப்பாகவே இருக்கட்டும். மேசைக் கம்ப்யூட்டரில் பாதி நகல் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டு டிஸ்க்கும் ஒரே அடியில் நின்றுவிடும். லேப்டாப் என்றால் தன் பேட்டரியிலேயே ஓடி, செருகிய டிஸ்க்கையும் ஓட்டும். யூஎஸ்பி 3 வழியே ஒரு டெராபைட்டை நகல் எடுக்க நல்ல டிஸ்க்கிலேயே ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஆகும். நம் ஊர்க் கரண்டை நம்பி அதில் இறங்கக் கூடாது. முக்கியமான ஃபோல்டரை முதலில், ஒவ்வொன்றாக எடுங்கள். நகல் போய்ச் சேரும் டிரைவ், கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்றான எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோவில் வந்து நிற்கும்போதுதான் இது தெரியவரும். எக்ஸ்எஃப்ஏடி முறைக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவது நகல் வாங்கும் காலி டிரைவை. பழைய டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

கம்ப்யூட்டர் கேட்கும் மூன்று கேள்விகள்

செருகியதும் கம்ப்யூட்டர் ஏதாவது கேட்கும். மிரளவைக்கிற மாதிரிதான் கேட்கும்.

முதலாவது, "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை." பழைய கம்ப்யூட்டரின் பயனர் வேறு, இங்கே உட்கார்ந்திருப்பவர் வேறு என்று விண்டோஸ் நினைக்கிறது. 'தொடர்க' என்பதை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் திறந்துவிடும். யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதுதான் வீடு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள். அக்காவுக்கு வந்தது இந்தக் கேள்வி மட்டும்தான். அரைமணியில் அவர் ஸ்கேன் எல்லாம் வந்துவிட்டது.

இரண்டாவது, 48 இலக்க எண் கேட்கும் நீலப்பெட்டி. இது பிட்லாக்கர் பூட்டு. விண்டோஸ் 10, 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கலாம். சாவி பழைய மதர்போர்டில் ஒரு சில்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் அங்கே இருந்தவரை பூட்டு இருப்பதே தெரியவில்லை. டிஸ்க் இடம் மாறியதும் சாவி கேட்கிறது. போனிலிருந்து அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவி எண் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். லேப்டாப் நல்லபடியாக ஓடுகிற இன்றைக்கே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, நகை வைக்கிற இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது கேள்விதான் ஆளைக் கவிழ்ப்பது. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா?" இதற்குப் பதில் எப்போதும், எந்த நிலையிலும், 'வேண்டாம்.'

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எங்கள் அப்பத்தா 2014இல், தன் எண்பதாவது வயதில், பேசியதை ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிந்து என் லேப்டாப்பில் வைத்திருந்தேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருக்கு ஏழு வயது. தெருவே மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவை நோக்கி நடக்கப் புறப்பட்டதையும், தாயார் நிறைமாசமாக இருந்ததால் தாங்கள் மட்டும் பியாப்போன் பக்கம் வயல்காட்டுக் கிராமத்தில் ஒதுங்கியதையும் அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். அப்பத்தா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் லேப்டாப்பில் தண்ணீர் கொட்டியது. டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினேன். ஃபார்மட் செய்யவா என்றது. செய்தால்தான் திறக்கும்போல என்று நினைத்து அழுத்திவிட்டேன். நாலு நொடி. டிஸ்க் திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

அழித்தது எங்கே போகிறது

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் மீட்பு வேலை முழுதும் இதன்மேல்தான் நிற்கிறது.

கோயிலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் "இன்னார் செருப்பு, 14ஆம் கட்டம்" என்று எழுதியிருக்கிறது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டால் செருப்பு மறைந்துவிடாது. கட்டத்திலேயே கிடக்கும். ஆனால் நோட்டைப் பார்ப்பவருக்கு 14 காலி. அடுத்து வருபவரின் செருப்பை அங்கே வைக்கும்போதுதான் பழையது வெளியே தள்ளப்படும். ஹார்ட் டிஸ்க்கும் இப்படித்தான். கோப்பை அழித்தால் பட்டியலில் ஒரு குறி மாறுகிறது, அவ்வளவுதான். விரைவு ஃபார்மட் செய்தால் நோட்டை எறிந்துவிட்டுப் புது நோட்டு போடுகிறார்கள். கட்டங்களில் உள்ளது அப்படியே இருக்கிறது. முழு ஃபார்மட் வேறு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது, கட்டங்களையே கழுவுவது மாதிரி. அதன்பிறகு தேட ஒன்றும் இல்லை.

ஆகவே அழிந்தது தெரிந்த நொடியிலிருந்து அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடப் புதிதாக எழுதப்படக் கூடாது. மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவது, மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிப்பது இரண்டும் தன் கையால் செருப்பை வெளியே எறிவதற்குச் சமம்.

டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பிரான்ஸ்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியவை. பார்க்க அழகாக இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஆனால் காசு வாங்கும் பல மென்பொருள்களைவிட நான் இவற்றைத்தான் நம்புவேன். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த நோட்டையே தேடித்தரப் பார்க்கும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில், தொடக்கப் பகுதியின் ஒரு நகல் டிஸ்க் பகுதியின் கடைசியிலும் இருக்கும். முன்பக்கம் கெட்டால் பின்பக்கத்திலிருந்து எடுத்துப் போட அதனால் முடியும். நான் அன்று 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், பெயரும் ஃபோல்டரும் கலையாமல் எல்லாம் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருந்தது.

ஃபோட்டோரெக் நோட்டைப் பற்றிக் கவலைப்படாது. ஒவ்வொரு கட்டமாகப் போய், "இது படத்தின் தொடக்கம் போல இருக்கிறது, இது பாட்டின் தொடக்கம் போல இருக்கிறது" என்று சாயலை வைத்து அள்ளும். 480க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளின் சாயல் அதற்குத் தெரியும். ஆனால் பெயர் நோட்டில் அல்லவா இருந்தது? அதனால் மீண்டு வருபவை எல்லாம் வெறும் எண்ணாக வரும். சிதறிச் சிதறி எழுதப்பட்ட கோப்பு பாதியோடு நிற்கலாம். எனக்கு ஆயிரக்கணக்கில் ஒலிக்கோப்புகள் எண்களாக வந்து நின்றன. பக்திப் பாட்டு, விண்டோஸின் மணியோசை, போனில் வந்த குரல்செய்தி எல்லாம் கலந்து. நீளத்தை வைத்து வரிசைப்படுத்தி, முக்கால் மணிநேரத்துக்கு மேல் இருப்பதை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். மூன்று இரவு ஆனது.

எஸ்எஸ்டியில் இந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கிடையாது. அங்கே அழித்த உடனே, டிரிம் என்ற கட்டளை வழியே, "இந்தக் கட்டங்கள் இனி வேண்டாம்" என்று டிஸ்க்குக்குச் சொல்லப்பட்டுவிடும். டிஸ்க் தானே அதைக் கழுவிவிடும். அழிக்காத கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து நகல் எடுப்பது சுலபம். அழித்ததை மீட்பதுதான் அரிது.

டிஸ்க்கே நோயாளி என்றால்

இதுவரை சொன்னது டிஸ்க் நலமாக இருக்கும்போது. மாட்டியதும் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக ஓடினால் நல்லது. 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் தட்டிவிட்டு நின்றால், படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. உடனே உருவுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தலை தட்டை உரசி, கோப்புகள் எழுதியிருக்கும் பூச்சையே சுரண்டக்கூடும். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போமே என்ற ஆசைதான் இங்கே எமன்.

அப்போது காதில் விழும் வைத்தியங்கள் பல. ஃப்ரீசரில் வை என்பார்கள். ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிற ஊரில், குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் சோடா பாட்டில் மாதிரி வியர்க்கும். அந்த ஈரத்தோடு தட்டைச் சுற்றவிட்டால் கதை முடிந்தது. மூடியைத் திறந்து பார் என்பார்கள். தூசியை வடிகட்டிய தனி அறையில் திறக்க வேண்டிய பொருள் அது. வீட்டு மேசையில் விழும் ஒரு தூசி, தலை மிதக்கும் இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. டிக் டிக் சத்தம் வந்தால் டிஸ்க்கைப் பஞ்சுறையில் சுற்றி வைத்துவிட்டு, மீட்புக்கூடம் வைத்திருப்பவரை விசாரியுங்கள். செலவு அதிகம். உள்ளே இருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தகும் என்றால் இடையில் யாரையும் தொடவிடாதீர்கள்.

சத்தம் இல்லை, ஆனால் நகல் எடுக்கும்போது ஊர்ந்து ஊர்ந்து போய் நடுவில் உறைகிறது என்றால், டிஸ்க் நடுத்தர நோயாளி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் 05, C5, C6 என்ற குறிகளுக்கு நேரே கணக்கு ஏறிக்கொண்டிருந்தால், கெட்ட கட்டங்கள் பெருகுகின்றன என்று பொருள். இந்த நிலையில் விண்டோஸ் தானாகவே "பிழை திருத்தவா?" என்று கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். திருத்துவது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. சாகக் கிடப்பவரை எழுப்பி நடக்கவைப்பது மாதிரி.

இங்கே கைகொடுப்பது டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற பென் டிரைவ் லினக்ஸில் தயாராகவே இருக்கும். அது டிஸ்க்கை முழுதாக ஒரே பெரிய கோப்பாகப் படியெடுக்கும், சாதாரண நகல் போலப் பிடிவாதம் பிடிக்காமல். சுலபமாகப் படிக்க வருவதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். முரண்டுபிடிக்கும் இடத்தைத் தாண்டிக் குறித்துவைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். நடுவே கரண்ட் போனாலும், டிஸ்க் சூடேறி நாமே நிறுத்தினாலும், அந்தக் குறிப்புக் கோப்பு இருக்கும்வரை விட்ட இடத்திலிருந்து தொடரும். ரங்கூன்வாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டு டிஸ்க்குகளின் பெயரைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க்கை நோயாளியின்மேல் எழுதிவிடும். டிஸ்க்கின் அளவை வைத்துச் சரிபார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். ஆராய்ச்சி எல்லாம் பிறகு அந்தப் படியில்தான். அசலைக் கழற்றி வைத்துவிடலாம்.

எழுத்து சிதைந்தால் கோப்பு சிதைந்ததாகாது

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மீட்ட கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம் தெரிகிறதா? அழித்துவிடாதீர்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவைப் போட்டாலோ, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றினாலோ வரிவரியாக வந்துவிடும். பர்மியக் கோப்புக்கும் இதே கதை. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறுவதற்கு முந்தைய கோப்புகளில் பெரும்பாலானவை ஸாஜி எழுத்துருவில் இருக்கும். ஒரு சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல் 'கெட்டுப்போச்சு' என்று அழிக்கப்படவிருந்ததை நானே நிறுத்தியிருக்கிறேன். இருபது நிமிஷத்தில் முழுப்பட்டியலும் படிக்கிற மாதிரி வந்தது.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கை உடனே துடைத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். தேதி எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு டப்பாவில் போட்டு ஆறு மாதமாவது வையுங்கள். அதற்குள் நகலைச் சரிபாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. பத்திர ஸ்கேனைக் கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள், வீடியோவை நடுவில் ஓட்டுங்கள், ஒலியை முழுதாகக் கேளுங்கள்.

மூன்றாம் இரவு எனக்குக் கிடைத்த கோப்பின் பெயர் வெறும் எண்தான். ஐம்பத்திரண்டு நிமிஷம். நடுவில் எங்காவது அறுந்திருக்குமோ என்று முழுதும் ஓடவிட்டேன். ஆரம்பத்தில் அப்பத்தா வெற்றிலை இடிக்கும் சத்தம். குண்டு விழுந்த அன்று அவருடைய அய்யா அடுப்பில் இருந்த சோற்றுப்பானையை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடியதைச் சொல்கிறார். முப்பத்தெட்டாம் நிமிஷத்தில் பேச்சு நிற்கிறது. விசிறி சுற்றத் தொடங்கும் சத்தம், கீழே தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்துவது, அப்பத்தா சிரிப்பது. "விளக்கு வந்துருச்சுப்பா, இப்ப உன் முகம் தெரியுது," என்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.